இரண்டாவது ஆள்

முதல் தடவை என் மனைவி அந்த நுழைவுத் தேர்வை எழுதிவிட்டு வந்த அன்று எனக்கு வந்த கோபம், இன்று நினைத்தாலும் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. கணக்குப் பகுதியில் மொத்தம் நாற்பது கேள்விகள். மேற்படிப்புக்கு இடம் கிடைக்க முப்பது சரியாக இருக்க வேண்டும். அவள் இருபத்தொன்பது எழுதியிருந்தாள். இருபத்தொன்பதும் சரி. மீதிப் பதினொன்றைத் தொடவே இல்லை.

"தொடவே இல்லையா?" என்றேன்.

"நேரம் போயிடுச்சுங்க."

"நேரம் போனா என்ன? ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு விடை கொடுத்திருக்கான். கண்ணை மூடிக்கிட்டு ஏதாவது ஒண்ணைத் தட்டிட்டு வர வேண்டியதுதானே? தப்புக்கு மார்க் குறைக்க மாட்டாங்கன்னு நீதானே சொன்னே?"

"தெரியாததை எப்படிங்க போடறது?"

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இவள் வாய் வரைக்கும் வந்ததைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு, கை கழுவிவிட்டு எழுந்து வந்திருக்கிறாள். பதினொன்றில் ஒன்று, ஒரே ஒன்று, குருட்டாம்போக்கில் விழுந்திருந்தால் முப்பது ஆகியிருக்கும்.

நான் மூன்றாம் எண் பேருந்து ஓட்டுகிறவன். பத்தொன்பது வருஷமாக அதே தடம், அதே இருபத்திரண்டு நிறுத்தங்கள். ஒரு நிறுத்தத்தில் முப்பது விநாடிக்கு மேல் நிற்க மாட்டேன். யாராவது பின்னால் ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தாலும் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுவேன். ஓடி வருகிற ஒருவருக்காக நின்றால், உட்கார்ந்திருக்கிற நாற்பது பேருக்கு அது துரோகம் என்பது என் கட்சி. இதனால் எனக்குக் கல்நெஞ்சுக்காரன் என்று ஒரு பெயர் உண்டு. முன் இருக்கையில் தினமும் உட்காரும் ஓய்வுபெற்ற தபால்காரர் அதை என் காதுபடவே சொல்வார். சொல்லிவிட்டுத் தன் கடிகாரத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுவார்.

என் மனைவி பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸ். மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். வார்டில் அவளை எல்லோரும் சிஸ்டர் என்பார்கள். போன் வந்து "சிஸ்டர் இருக்காங்களா?" என்று யாராவது கேட்டால், "சிஸ்டர் யாரும் இல்லை, என் பொண்டாட்டிதான் இருக்கா" என்பேன். பதினான்கு வருஷமாக இதே ஜோக்தான். அவளும் பதினான்கு வருஷமாகச் சிரிக்காமல்தான் இருக்கிறாள்.

அவள் படிக்க விரும்பியது மருந்தளவு பற்றி. ஒரு கிலோ கூட இல்லாத குழந்தைக்கு எந்த மருந்தை எத்தனை சொட்டுக் கொடுப்பது என்று ஒரு அட்டவணை இருக்கிறதாம். அந்த அட்டவணையை யாரோ எங்கோ உட்கார்ந்து எழுதுகிறார்கள். "நானும் எழுதற இடத்துல உட்காரணுங்க" என்றாள் ஒரு நாள், துணி மடித்துக்கொண்டே. அதற்கு இரண்டு வருஷப் படிப்பு. ஏழு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரில் கல்லூரி. ஆஸ்பத்திரி ஒரே ஒருவருக்குத்தான் படிப்பு விடுப்பு கொடுக்கும், இந்த வருஷம் அவளுடைய முறை. வருஷத்தில் இரண்டு தடவைதான் தேர்வு எழுதலாம். ஒன்று போய்விட்டது. இன்னொன்றும் போனால் முறை அடுத்தவருக்குப் போய்விடும், திரும்பிவர எட்டு வருஷம் ஆகும்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதினொன்றையும் காலியாக விட்டு வந்ததைக் கேட்டு நான் கத்தியபோதே, மனசின் ஒரு மூலை நிம்மதியாக மூச்சு விட்டது. இரண்டு வருஷம் இந்த வீட்டில் நான் மட்டும் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டியதில்லை என்று. அந்த மூலையைப் பிறகு பல தடவை செருப்பால் அடித்திருக்கிறேன்.

அந்தக் குற்றவுணர்வில்தான் இரண்டாவது தடவைக்கு அவளைத் தயார் செய்யும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் வேலை மதியம் முடிந்துவிடும். மூன்று மணிக்குச் சமையலறை மேஜையைத் துடைத்துவிட்டு உட்காருவோம். அவள் முன்னால் செங்கல் தடிமனில் ஒரு பயிற்சிப் புத்தகம். என் முன்னால் சுவரிலிருந்து கழற்றிய கடிகாரம். எழுபது நிமிஷம், நாற்பது கேள்வி. ஒரு கேள்விக்கு ஒன்றே முக்கால் நிமிஷம். எனக்கு இது பழகிய விஷயம், நிறுத்தம் மாதிரிதான்.

அவள் கணக்குப் போடுவதை அப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கணக்கை முடிப்பாள். சரியான விடை வரும். உடனே அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, புதுத் தாளில் முதலிலிருந்து மறுபடி போடுவாள். இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கேள்வி. தெரியாத கேள்வி வந்தாலோ, பேனாவை மூடி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மூன்றாம் நாள் என் பொறுமை போய்விட்டது. "அடுத்ததுக்குப் போயேன்மா. ஏதோ ஒண்ணைக் குத்துமதிப்பாப் போட்டுட்டுப் போ. என்ன, குடியா முழுகிப்போகும்?"

"முழுகிப்போகும்" என்றாள்.

எல்லோரும் சும்மா சொல்லுகிற வார்த்தைதான். அவள் அதைச் சும்மா சொல்லவில்லை.

பிறகு சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மருந்துச் சீட்டில் "0.5" என்று எழுதியிருந்திருக்கிறது. புள்ளி மங்கல். இவள் கண்ணுக்கு ஐந்து என்று பட்டிருக்கிறது. ஐந்து என்றே ஊசியில் ஏற்றிவிட்டாள். அவர்கள் வார்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மருந்தானாலும் இரண்டு பேர் தனித்தனியாகச் சீட்டைப் பார்த்துத் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எண் ஒத்துப்போனால்தான் ஊசி குழந்தையிடம் போகும். அன்று இரண்டாவது ஆளாக நின்றவர் வார்டில் எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடும் மூத்த நர்ஸ். இவள் "அஞ்சு" என்றபோது அவர் "அரை" என்றிருக்கிறார்.

"பெரியக்கா என்னைத் திட்டக்கூட இல்லைங்க. ஊசியை வாங்கிக் கொட்டிட்டு, 'மறுபடி பாரு'ன்னாங்க. அவ்வளவுதான். அந்தக் குழந்தை நல்லா வளர்ந்து வீட்டுக்குப் போயிடுச்சு. ஆனா அன்னிக்கு ரெண்டாவது ஆள் இல்லைன்னா?"

"சரிம்மா. ஆனா இது வெறும் பரீட்சை. இந்தத் தாள்ல தப்பு போட்டா யாரும் சாகப்போறதில்லை."

"அது எனக்குத் தெரியுது. என் கைக்குத் தெரியலைங்க."

பதினான்கு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் நான் கேட்டே இராத கதை அது. மனசு இளகினால் யோசிக்காமல் பேசுவது என் பிறவிக் குணம். "அப்ப நான் இருக்கேன்" என்றேன். "நீ ஒரு தடவை போடு. நான் ஒரு தடவை போடறேன். ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுவோம். நான்தான் உன் ரெண்டாவது ஆள்."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகுதான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று உறைத்தது. பத்தாம் வகுப்பில் கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண்ணை என்னைப் பெற்றவர்களே வெளியில் சொன்னதில்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. புத்தகத்தின் கடைசியில் இருந்த விடைப் பக்கங்களை, "நீ எட்டிப் பார்த்துடக் கூடாது" என்று சொல்லிப் பிளேடால் வெட்டி நான் எடுத்துக்கொண்டேன். மடித்த செய்தித்தாளுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவள் கணக்குப் போடும்போது நானும் பென்சிலை வைத்துக்கொண்டு மும்முரமாக ஏதோ எழுதுவேன். பெரும்பாலும் பேருந்து வரைவேன். அவள் நிமிர்ந்து "சொல்லலாமா?" என்பாள். செய்தித்தாளை விரலால் ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்துக்கொண்டு, "ம்" என்பேன்.

"பதினெட்டு."

"பதினெட்டு."

ஒத்துப்போனதும் அவள் ஒரு சின்ன மூச்சு விட்டு அடுத்ததற்குப் போவாள். கவிழ்த்து வைப்பது, மறுபடி போடுவது எல்லாம் நின்றுவிட்டது. இருபத்தொன்பது முப்பத்திரண்டாயிற்று, முப்பத்திரண்டு முப்பத்தைந்தாயிற்று.

"உங்களுக்கு இவ்வளவு கணக்கு வரும்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க" என்றாள் ஒரு நாள், வியப்பு தாங்காமல்.

"டிரைவர்னா சும்மாவா?" என்றேன். வெட்கம் என்பது அந்த நேரத்தில் எனக்கு இல்லை. பரீட்சை அறையில் நான் பக்கத்தில் இருக்கப்போவதில்லையே என்ற நினைப்பு இரண்டு பேருக்கும் வந்தது. இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தபோது அது நடந்தது. புத்தகத்தில் அங்கங்கே வரும், ஐந்து விடை கொடுக்காமல் எண்ணை நாமே நிரப்ப வேண்டிய கேள்வி ஒன்று. ஒரு வண்டி ஓர் ஊருக்கு மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதே வழியில் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் திரும்பி வருகிறது. மொத்தப் பயணத்துக்கும் சராசரி வேகம் என்ன?

"சொல்லலாமா?"

நான் செய்தித்தாளைத் தூக்கிப் பார்த்தேன். "ம்."

"நாப்பத்தெட்டு" என்றாள் அவள்.

"எண்பத்துநாலு" என்றேன் நான்.

அவள் முகம் மாறியது. நான் சொன்னதுதான் சரி என்பதுபோல் தலையைப் பலமாக ஆட்டினேன். அவள் தாளைக் கவிழ்த்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தாள். மறுபடி போட்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நாப்பத்தெட்டுதாங்க வருது." "எண்பத்துநாலு" என்றேன். மூன்றாவது தாள். நான்காவது தாள். "வண்டி சமாசாரம், உங்களுக்குத் தெரியாம இருக்குமா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தூரத்தை மாற்றிப் பார்த்தாள், படம் போட்டுப் பார்த்தாள். நாற்பது நிமிஷம் ஓடியது. ஆறாவது தாளில் பேனாவை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"டிரைவர் சார்" என்றாள்.

கோபம் வந்தால்தான் அவள் அப்படிக் கூப்பிடுவாள். வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம்.

"நாப்பதுல போயி அறுபதுல திரும்பின வண்டி, எப்படி சார் எண்பத்துநாலுல ஓடும்? ஒரு நிமிஷமாவது அந்த வண்டி எண்பதைத் தொட்டுச்சா?"

பத்தொன்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த என் கை, செய்தித்தாளின் மேல் இருந்தது.

"ஊர் நூத்தி இருபது கிலோமீட்டர்னு வச்சுக்கோங்க. போக மூணு மணி நேரம், வர ரெண்டு. மொத்தம் அஞ்சு மணி நேரத்துல இருநூத்தி நாப்பது கிலோமீட்டர். நாப்பத்தெட்டு. நீங்க நிஜமா கணக்குப் போட்டுத் தப்பு பண்ணியிருந்தா அம்பதுன்னு சொல்லியிருப்பீங்க. எல்லாரும் பண்ற தப்பு அதுதான். எண்பத்துநாலு யாருக்கும் வராது. நாப்பத்தெட்டைத் திருப்பிப் போட்டு அச்சடிச்சவருக்குத்தான் வரும்."

எழுந்து வந்து செய்தித்தாளை எடுத்தாள். அடியில் விடைப் பக்கங்கள். என் தாளையும் திருப்பினாள். அதில் பதினேழு பேருந்துகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் ஜன்னல் எல்லாம் போட்டிருந்தேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பார்க்காமலே பார்த்தேன்னு சொல்றது இருக்கே," என்றாள் மெதுவாக, "அதுக்கு எங்க வார்டுல மன்னிப்பே கிடையாதுங்க. தப்பாப் போட்டவங்களை விட்டுடுவாங்க. பார்க்காம தலையாட்டினவங்களை விட மாட்டாங்க."

புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அந்தப் பதினேழு பேருந்துகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடித்திருந்தால்கூடத் தேவலை. அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்து, உலகத்திலேயே அவள் எதை நம்பி நிற்கிறாளோ அதையே பொய்யாக்கியிருக்கிறேன். நான் கெட்டவன் இல்லை. ஆனால் அன்று செய்தது கெட்ட காரியம்.

மறுநாள் மூன்று மணிக்கு, அவள் வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டே மேஜையைத் துடைத்து வைத்தேன். வந்து உட்கார்ந்தாள். கையில் நேற்றைய ஆறு தாள்கள்.

"என்னை மன்னிச்சிடும்மா. இனிமே தெரியாததைத் தெரியாதுன்னே சொல்லிடறேன்."

"ம்" என்றாள். அந்த "ம்" எத்தனை தூரம் மன்னித்தது என்று தெரியவில்லை. பிறகு ஆறு தாள்களையும் மேஜையில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கினாள். "ராத்திரி பூரா இதையேதான் யோசிச்சேன். நாப்பது நிமிஷம் நான் தப்புன்னே நினைச்சுக்கிட்டு இருந்தேன். புத்தகம் தப்பு. நீங்க தப்பு. ஆறு தடவை போட்டேன், ஆறு தடவையும் நாப்பத்தெட்டு. அப்ப மொதல் தடவையே நான் சரியாத்தான் போட்டிருக்கேன், இல்லையா?"

"ஆமா."

"அந்த மத்த அஞ்சு தாளும் தண்டம்."

"தண்டந்தான்."

"இனிமே ஒரு தடவைதான் போடப்போறேன்" என்றாள். சொல்லிவிட்டு அந்த ஐந்து தாள்களையும் மடித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். முதல் தாளைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். நான் செய்த துரோகத்தில் ஒரு பயன் விளைந்ததென்றால் அது அவளுடைய கெட்டிக்காரத்தனம். எனக்கு அதில் பங்கு இல்லை.

அன்றிலிருந்து என் வேலை ஒன்றே ஒன்று. ஒன்றே முக்கால் நிமிஷம் ஆனதும் "வண்டி கிளம்புது" என்பேன். அவள் அடுத்ததற்குப் போவாள். முப்பத்தைந்து வரை வந்துவிட்டாள், யாருடைய துணையும் இல்லாமல். ஆனால் அந்த மீதி ஐந்தும் காலியாகவே கிடக்கும். குத்துமதிப்பு மட்டும் வரவே இல்லை. வீட்டில் முப்பத்தைந்து என்றால் தேர்வு அறையின் படபடப்பில் முப்பதுக்குக் கீழே போகாது என்று யார் உத்தரவாதம் தருவது? போன தடவை ஒன்றில் போனது.

அதனால் ஒரு விளையாட்டைத் தொடங்கினேன். வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றியபடியே கேட்பேன்: "இன்னிக்குக் கடைசி ஸ்டாப்ல என் வண்டியிலேருந்து எத்தனை பேர் இறங்கினாங்க? சொல்லு."

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான் அங்க இல்லையே."

"தெரியாதுன்னு தெரியும். சும்மா ஒரு எண் சொல்லு."

"தெரியாதுங்க."

இருபது நாள் கேட்டேன். இருபது நாளும் "தெரியாதுங்க"தான். ஒரு எண்ணை வாயால் சொல்ல வைப்பதற்கு இவ்வளவு பாடா என்று எனக்கே அலுத்துவிட்டது. கல்லில் நார் உரிப்பது இதைவிடச் சுலபம். தேர்வுக்கு முந்தின நாள் கேட்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். செருப்பைக் கழற்றும்போது அவளே வாசல் பக்கம் வந்து நின்றாள்.

"ஏழு" என்றாள்.

ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும், ஏழுதான் என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. ஒரு பொய்யில் பட்டது போதும்.

"தப்பு. பன்னெண்டு."

அவள் அசையாமல் நின்றாள். நானும் ஒரு செருப்போடு நின்றேன். மாடியில் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. கீழே தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்தது.

"ஒண்ணும் ஆகலையே" என்றாள், கொஞ்சம் ஆச்சரியமாக.

"ஒண்ணும் ஆகலை."

"சாப்பிட வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தேர்வு நாளில் எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மாற்று டிரைவருக்குக் காய்ச்சல். தேர்வு நடக்கும் கட்டடம் என் தடத்தில் பத்தாவது நிறுத்தத்தின் எதிரில்தான் இருக்கிறது. பன்னிரண்டரைக்குத் தேர்வு முடியும். கம்ப்யூட்டரில் எழுதும் தேர்வு என்பதால், அங்கேயே மதிப்பெண்ணை அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். என் வண்டி பன்னிரண்டு நாற்பதுக்கு அங்கே வரும். "நிறுத்தத்துல நிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

பன்னிரண்டு நாற்பதுக்குப் போனேன். நிறுத்தத்தில் அவள் இல்லை.

இறங்குகிறவர்கள் இறங்கினார்கள், ஏறுகிறவர்கள் ஏறினார்கள். முப்பது விநாடி ஆயிற்று. கை கதவுப் பொத்தானுக்குப் போனது, பழக்கம். அப்போது கட்டட வாசலிலிருந்து அவள் வருவது தெரிந்தது. ஓடி வரவில்லை. நடந்து வந்தாள். ஒரு தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே, தெருவில் வேறு எதுவும் இல்லை என்பதுபோல் மெதுவாக நடந்து வந்தாள். ஜெயித்தவள் அப்படி நடக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"என்னப்பா, வண்டி ரிப்பேரா?" என்றார் முன் இருக்கைத் தபால்காரர்.

"இல்லை சார். ஒருத்தர் வர்றாங்க."

"நீயா நிக்கறே?" என்று கேட்டுவிட்டு, அவர் கடிகாரத்தைப் பார்க்கப் போய், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பின்னாலிருந்து யாரோ, "எங்களுக்கும் வேலை இருக்குப்பா" என்று குரல் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னது நியாயந்தான். நான் நகரவில்லை.

அவள் படியேறி என் பக்கத்தில் வந்து நின்றாள். கண் கலங்கவில்லை, சிரிக்கவும் இல்லை. வார்டில் நிற்கிற முகம் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். தாளை என்னிடம் நீட்டினாள்.

"நான் ஒரு தடவை பார்த்துட்டேங்க. ரெண்டாவது ஆள் பார்க்கணும். வாய்விட்டுப் படிங்க."

வாங்கினேன். இந்தத் தடவை செய்தித்தாள் இல்லை, விடைப் பக்கம் இல்லை. என் கண்ணும் அந்தத் தாளும்தான். பெயர் சரி. தேதி சரி. கணக்குப் பகுதி, நாற்பதுக்கு. அந்த எண்ணை ஒரு தடவை பார்த்தேன். நம்பாமல் விரலை வைத்து மறுபடி பார்த்தேன்.

"சொல்லலாமா?" என்றாள்.

"ம்" என்றேன்.

"முப்பத்தாறு."

"முப்பத்தாறு."

அப்போதுதான் அவள் அந்தச் சின்ன மூச்சை விட்டாள். விட்டதும் முகம் உடைந்து, சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன. "முப்பத்தஞ்சுதாங்க போட்டேன். கடைசி அஞ்சுக்கு நேரம் இல்லை. கை நின்னுடுச்சு. அப்புறம் நேத்து அந்த ஏழு ஞாபகம் வந்துச்சு. அஞ்சுக்கும் மூணாவது விடையைத் தட்டிட்டேன்."

"ஏன் மூணாவது?"

"உங்க வண்டி மூணாம் நம்பர்தானே."

முன் இருக்கைத் தபால்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். நான் கதவைச் சாத்தினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதே நேரத்தில், இனி இரண்டு வருஷம் மூன்று மணிக்கு அந்த மேஜையைத் துடைக்க வேண்டிய அவசியமே இருக்காது என்பதும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்து கண்ணை மறைத்ததால், வண்டியை எடுக்க இன்னும் ஒரு நிமிஷம் ஆயிற்று. யாரும் சத்தம் போடவில்லை. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி நிறுத்தம் வரை என் பக்கத்திலேயே நின்று வந்தாள்.

அன்று மூன்றாம் எண் நான்கு நிமிஷம் தாமதம். பத்தொன்பது வருஷத்தில் என் ஓட்டத் தாளில் "தாமதத்துக்குக் காரணம்" என்ற கட்டம் நிரம்பியது அதுதான் முதல் தடவை. "இரண்டாவது ஆள் பார்க்க வேண்டியிருந்தது" என்று எழுதிக் கொடுத்தேன். நேரக்காப்பாளர் அதை இரண்டு தடவை படித்தார். ஒன்றும் புரியாமல் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.